கப்பல்துரை சாமி உயிரோடு வந்த வருஷம்

சார்டின் டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற மீனும் தக்காளியும் கலந்த வாடையோடு கற்பூரப் புகையும், பீர் நுரையின் புளித்த நெடியும், வெயிலில் காய்ந்த மஞ்சளின் மணமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் சாமி கும்பிடுவது என்றால் அந்த மணம்தான். ஆடி மாதத்து மூன்றாவது ஞாயிறு காலையில் வாழை இலை விரித்து, சோறும் கோழிக்கறியும் அவித்த முட்டையும் வைத்து, பக்கத்திலேயே நாலு துண்டு ரொட்டி, மூடியை மேலே வளைத்துவிட்ட சார்டின் டின், ஒரு போத்தல் பீர், ஊதுவத்திக் குழலில் செருகிப் பற்ற வைத்த சிகரெட், இவ்வளவும் வைத்த பிறகு இலைக்கு வலப்பக்கம் கரண்டியும் இடப்பக்கம் முள்ளுக்கரண்டியும் வைப்பார்கள். "தொரைங்க கையால சாப்பிட மாட்டாங்க" என்பது எங்கள் பெரியவர்களின் நினைப்பு. வெள்ளைக்காரச் சாமிக்கு "டின் மாட்டெறச்சி" படைக்கலாமா கூடாதா என்று ஒரு வருஷம் பெரிய சண்டையே நடந்து, கடைசியில் சார்டினோடு நிற்கட்டும் என்று தோட்ட ஆபீசுப் பெரிய கிராணி தீர்ப்புச் சொன்னதாகக் கேள்வி. சாமி அதற்குக் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

அந்தச் சாமிக்குப் பெயர் கப்பல்துரை. எங்கள் பெரியவர்களுக்கு ஆகாய விமானமும் "கப்பல்"தான். கடலில் போனால் என்ன, மேலே போனால் என்ன, ஏறினவன் திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதில் இரண்டும் அவர்களுக்கு ஒன்றே. சுங்கை பட்டாணிக்கும் திகாம் பத்துவுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். எங்கள் என்று சொல்வது பழக்க தோஷம். முதலில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியுடையது, பிறகு இன்னொரு கம்பெனியுடையது, கடைசியில் வீடு கட்டி விற்கிறவனுடையது. ஜப்பான்காரன் வந்த வருஷம், சுங்கை பட்டாணி விமானத்திடலில் குண்டு விழுந்த காலையில், ஒரு சின்னக் கப்பல் புகை கக்கிக்கொண்டு எங்கள் தோட்டத்தின் மேல் தாழப் பறந்து வந்ததாம். ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு" களத்தில் பெண்டு பிள்ளைகள் கூட்டமாக நின்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் தோட்டத்தில் ஐந்து வயதுப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்லும்: "அவரு நெனச்சிருந்தா குதிச்சிருக்கலாம். கீழ சனம் நிக்கிறதப் பாத்தாரு. குதிக்காம கப்பலத் திருப்பி மரத்துக்குள்ள கொண்டுபோய் விட்டாரு. நம்ம உசுருக்காக அவரு போனாரு."

கப்பல் விழுந்து தீப்பிடித்ததும் தோட்டமே காலி. அவரவர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்து பார்த்தபோது, உடைந்து கிடந்த கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு கருகின உடல் இருந்தது. அங்கேயே குழி வெட்டிப் புதைத்து, கப்பலின் முன்பக்கக் காற்றாடியிலிருந்து கழன்று கிடந்த ஓர் இறக்கையைத் தலைமாட்டில் நட்டு வைத்தார்கள். நட்டது அடையாளத்துக்காகத்தான். பிறகு யாரோ ஒருத்தி அதற்கு மஞ்சள் பூசினாள், இன்னொருத்தி பொட்டு வைத்தாள், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றது, காணாமல் போன பசு வீடு வந்து சேர்ந்தது. ஜப்பான்காரன் ஓடுவதற்குள் துரை முழுச் சாமியாகிவிட்டார்.

என் சின்ன வயதில் எனக்கு அவரைத் தவிர வேறு சாமி கிடையாது. மாரியம்மனிடம் பயம், முருகனிடம் மரியாதை, கப்பல்துரையிடம் மட்டும்தான் உரிமை. ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை வந்த வருஷம் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்த இறக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் மட்டும் கைவிட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். அவருக்கு அது தாய்மொழிதானே, அவர் நினைத்தால் முடியும் என்று எனக்குத் திடமான நம்பிக்கை. எனக்காக உயிரையே கொடுத்தவர் பத்து மதிப்பெண் கொடுக்க மாட்டாரா என்ன?

என் அம்மாவுக்கு அவரிடம் வேறு வேண்டுதல் இருந்தது.

அம்மா பெயர் அஞ்சலை. கப்பல் விழுந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அவளுடைய அப்பா செங்கோடன் அன்று காலை ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனவர், காட்டுக்குள் ஓடின கூட்டத்தோடு திரும்பி வரவில்லை. அவரைப் பாடாங் மேஹாவில் ஒரு லாரியில் பார்த்தேன் என்றார் ஒருவர், அது தெற்கே. சியாம் எல்லைப் பக்கம் ஒரு பொம்பளையோடு பார்த்தேன் என்றார் இன்னொருவர், அது வடக்கே. ஒரே ஆள் எப்படி இரண்டு திசையில் ஓடுவார் என்று யாரும் கேட்கவில்லை. கட்டினவளையும் பிள்ளையையும் சண்டைக்கு நடுவில் விட்டுவிட்டு ஓடினவன் என்று பேர் நிலைத்துவிட்டது. ஜப்பான் காலத்திலேயே அம்மாவின் தாயும் காய்ச்சலில் போய்ச் சேர, அத்தை வீட்டில் வளர்ந்த அம்மாவுக்கு "ஓடுகாலி மக" என்று பேர். தண்ணீர்க் குழாயடியில் வாளி முன்னே பின்னே ஆனால் போதும், அந்தப் பேர் வந்து விழும். அவள் பெரியவளாகி, கல்யாணமாகி, நாலு பிள்ளை பெற்று, கடைசியாக என்னையும் பெற்று, நான் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்ட பிறகும்கூட அது விழுந்ததை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆடிப் படையலன்று பூசாரி காளிமுத்துவின் மேல் துரை இறங்குவார். இறங்கினால் தமிழ் வராது. "கமான்", "கோ", "யூ ப்ளடி" என்று தோட்டத்துத் துரைமார்களிடம் வாழ்நாளெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட சொற்களையே திருப்பி எங்கள்மேல் வீசுவார். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஒவ்வொரு வருஷமும் வரிசையின் கடைசியில் நின்று, அம்மா ஒரே கேள்வியைக் கேட்பாள்: "எங்கப்பா எங்க இருக்காரு சாமி?" துரை சிகரெட்டை இழுத்துப் புகையை விட்டுவிட்டு வடக்கே கையைக் காட்டுவார். "சியாம் கோ. நோ கம்." அம்மா விபூதி வாங்கிக்கொண்டு திரும்புவாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷமாவது துரை வேறு ஏதாவது சொல்லட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது சாமி உயிரோடு வந்தார்.

மேனேஜரின் காரில் வந்து இறங்கினார். அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, கழுத்தில் கேமரா, வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. ஆஸ்திரேலியாக்காரராம், அறுபது வயது தாண்டியிருக்கும். சண்டைக் காலத்தில் சுங்கை பட்டாணியில் கப்பல் ஓட்டினவர், தன் கப்பல் விழுந்த இடத்தைச் சாவதற்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். மேனேஜர் ஒன்றும் புரியாமல் பெரிய கிராணியைக் கூப்பிட்டார். பெரிய கிராணி தோட்ட ஆபீசில் தலைமை எழுத்தர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. வந்தவர் முதலில் கேட்டது கக்கூஸ் எங்கே என்று. சாமி கக்கூஸ் கேட்ட செய்தி தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் பரவி, அரை மணி நேரத்தில் தோட்டமே இறக்கைக்கு முன்னால் கூடிவிட்டது.

அவர் அந்த இறக்கையைப் பார்த்தார். மஞ்சளும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் பட்டுத் துணியுமாக நின்ற அதைத் தொட்டார். விரலில் ஒட்டின மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். கிராணி அவருக்கு எங்கள் கதையைச் சொன்னார் போலிருக்கிறது. முதலில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். கிராணி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"அவருக்கு அப்ப இருவத்திரெண்டு வயசாம். மேல ஏறுன கொஞ்ச நேரத்துல ஜப்பான்காரன் சுட்டுட்டானாம். துப்பாக்கியே வேல செய்யலயாம். தீப்பிடிச்சதும் குடையக் கட்டிக்கிட்டு உடனே குதிச்சிட்டாராம். திகாம் பத்து பக்கம் வயல்ல விழுந்தாராம். மலாய்க்காரங்க காப்பாத்தி அனுப்பிச்சாங்களாம்."

கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார். "குதிச்சிட்டாரா? அப்ப நம்மளப் பாத்துட்டுத்தானே கப்பலத் திருப்பினாரு?"

கிராணி கேட்டார். வந்தவர் தலையை ஆட்டி, கையை விரித்து ஏதோ சொன்னார்.

"கீழ ஆளு இருக்கிறதே தெரியாதாம். எல்லாம் பச்சையாத்தான் தெரிஞ்சுதாம்."

நாற்பது வருஷத்துச் சாமி ஒரே வாக்கியத்தில் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? செத்துப்போன ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று சந்தோஷப்பட வேண்டும் அல்லவா. எனக்கு அவர் சாகாமல் போனதுதான் பெரிய துரோகமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் பட்ட பாடுகளைக் கிராணி சொல்லிக்கொண்டே போனார்: சிங்கப்பூருக்குப் பின்வாங்கினது, பிடிபட்டது, சியாம் ரயில் போட இழுத்துப் போனது, கூடப் போன சிநேகிதர்களில் பாதிப் பேரை அங்கேயே புதைத்தது, எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினது. பாவம்தான். இன்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. அன்று எதுவும் என் காதில் ஏறவில்லை, இவர் குதித்துவிட்டார், இவர் குதித்துவிட்டார் என்று மட்டும்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"ஒத்த ஆளு கப்பலாம்" என்றார் கிராணி, கதையை முடிக்கிற மாதிரி. "இவரு மட்டுந்தான் ஓட்டிக்கிட்டு வந்தாராம்."

அப்போதுதான் என் அம்மா பேசினாள். நாலு பேர் கூடின இடத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"அப்போ, கீழ கெடக்கிறது யாரு?"

வந்தவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு கிராணியைப் பார்த்தார், என்ன கேட்கிறாள் என்ற பார்வை. கிராணி ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதில் "ஹேப்பி" என்ற சொல் இருந்தது. அது எனக்குத் தெரிந்த சொல். இரண்டாம் ஆண்டுப் புத்தகத்திலேயே வரும். வந்தவர் முகம் மலர்ந்து, இரண்டு கையாலும் என் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிராணியை நான் அன்றிலிருந்து வெறுத்தேன், சாகும்வரை வெறுத்தேன், செத்த பிறகும் விட்டேன் என்று சொல்ல முடியாது.

மறுநாள் வேலை முடிந்து வந்த அம்மா, குளிக்கக்கூட இல்லாமல், ரப்பர்ப் பால் நாற்றம் அடிக்கிற அதே சட்டையோடு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனாள். காளிமுத்து வாசலில் குந்தி உட்கார்ந்து புளி போட்டு விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று குழி வெட்டின மூன்று பேரில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

"மாமா, நீங்கதான பொதச்சீங்க. யாரப் பொதச்சீங்க?"

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவும் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது, எனக்கு இன்றைக்கும் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

"மூனு நாளு ஆயிருந்துச்சும்மா. மொகம் இல்ல. சாக்குல சுத்தித்தான் தூக்குனோம். குழிக்குள்ள எறங்கி வாங்குனது நானு. அப்பதான் சாக்கு வெலகிச்சு. இடுப்புல பாதி கருகுன அரைஞாண் கயிறு. செம்புத் தாயத்து. வெள்ளக்காரன் கட்டுவானா அரைஞாணு? ஒங்கப்பனும் நானும் பக்கத்துப் பக்கத்து நெரயில பால் வெட்டுனவங்க. அந்தத் தாயத்து எனக்குத் தெரியும்."

அம்மா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவர் தொடர்ந்து சொன்னார்.

"மேல நின்னவங்க தொரைய நல்லபடியா எறக்குடான்னாங்க. அன்னிக்கு இருந்த கிராணியும், வெள்ளக்காரன் திரும்பி வந்தா நம்மள நல்லா வெச்சுக்குவான், தொரைக்குச் சமாதி கட்டியிருக்கோம்னு காட்டலாம்னாரு. எனக்குப் பத்தொம்பது வயசு, வாய மூடிக்கிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒருத்தி மஞ்சளப் பூசிட்டா. புள்ளைக்குக் காய்ச்சல் நின்னுருச்சு. சாமின்னு ஏத்தியாச்சும்மா. ஏத்துன பொறவு எப்படி எறக்குறது?"

"வருசா வருசம் வந்து ஒங்ககிட்டதான கேட்டேன்" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. "அவரு தலமாட்டுலயே நின்னுக்கிட்டு, எங்கப்பா எங்கன்னு கேட்டேன். சியாமுன்னு சொன்னீங்களே மாமா."

காளிமுத்து தலை நிமிரவில்லை. "அத நான் சொல்லல. சாமி சொன்னது" என்றார். அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் உடம்பு எரியும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா அழவே இல்லை. நடை வேகமாக இருந்தது. "எங்கப்பா ஓடல" என்றாள். சற்றுத் தூரம் போய், "எங்கப்பா ஓடலடி" என்று மறுபடியும் சொன்னாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஒரு கல் நட்டு, அதில் செங்கோடன் என்று பேர் எழுத வேண்டும். அவ்வளவுதான். குழாயடியில் ஓடுகாலி மக என்ற பேர் இனி விழக்கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்து மரத்தடியில் கமிட்டிக் கூட்டம் கூடியது. அதற்குள் நிலைமை மாறியிருந்தது. ஆஸ்திரேலியாக்காரர் போகும்போதே, உயிரோடு இருக்கிற தன் பழைய சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த வருஷம் வருவதாகவும், செத்துப்போன விமானிகள் பேரில் ஒரு பித்தளைப் பலகை கொண்டுவந்து பதிப்பதாகவும் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேனேஜர் குளிர்ந்துபோய், கோயிலுக்குக் கரண்டு இழுத்துத் தருகிறேன் என்றாராம். கீழே கிடப்பது யார் என்ற சங்கடத்துக்கும் கிராணி வழி கண்டுபிடித்துவிட்டார்: அன்று காலை இன்னொரு கப்பலும் விழுந்திருக்கும், அதை ஓட்டின வேறொரு துரை இங்கே செத்திருப்பார், நம் உயிரைக் காப்பாற்றினவர் அவர்தான். சனத்துக்கு மூச்சு வந்தது. சாமி திரும்பக் கிடைத்துவிட்டாரே.

அம்மா எழுந்து நின்றாள். "அது எங்கப்பா. காளிமுத்து மாமாவே சொன்னாரு."

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் அப்படி ஒன்னும் சொல்லலயே" என்றார்.

"எம்மக கூடத்தான் இருந்தா" என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவளுக்கு என்ன பயம், சாட்சி பக்கத்திலேயே இருக்கிறதே. என் தோள்மேல் கையை வைத்தாள்.

கிராணி என் பக்கம் குனிந்தார். அன்பாகத்தான் கேட்டார். "பாப்பா, நல்லா படிக்கிற புள்ள நீ. பொய் சொல்ல மாட்ட. பூசாரி அப்படிச் சொன்னாரா?"

நான், "இல்ல" என்றேன்.

இத்தனை நேரம் விமானியையும் கிராணியையும் பூசாரியையும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு வந்தவள் நான். இப்போது என் முறை. பயந்துபோய்ச் சொன்னேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள்; பதினொரு வயதுப் பிள்ளை, பெரிய கூட்டம், மன்னித்தும் விடுவீர்கள். ஆனால் அது பயமில்லை. அந்த இறக்கைக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரத் துரை, எனக்காக உயிரைக் கொடுத்த வீரர், இங்கிலீஷ் தெரிந்த சாமி படுத்திருந்தால்தான் எனக்குப் பிடித்திருந்தது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலையில் கப்பல் விழுந்து செத்த ஒரு பால்வெட்டுக்காரர், அதுவும் என் சொந்தத் தாத்தா, எனக்கு வேண்டாம். அவரிடம் போய்ப் பரீட்சைக்கு என்னவென்று வேண்டிக்கொள்வது? உயிரோடு வந்த துரை என்னை ஏமாற்றிவிட்டார். கிராணி செத்துப்போன புதுத் துரை ஒருவரைக் கொடுத்தார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

என் தோள்மேல் இருந்த கை உடனே எடுபடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அம்மா, "சரி, வா போவலாம்" என்றாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிச் சமைத்தாள். "சோறு போடவா?" என்று கேட்டாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். இரவுவரை காத்திருந்தேன், மறுநாளும் காத்திருந்தேன். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை அவள் என்னைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தாள், என் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தாள், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள், கேட்கவே இல்லை.

மறுவருஷம் ஆஸ்திரேலியாக்காரர் சொன்னபடி வந்தார், கூட ஆறு பேர். நெஞ்சில் மெடல் குத்தியிருந்தார்கள், ஒருவருக்குக் கால் ஊனம், ஒருவருக்குக் கை நடுக்கம், எல்லோரும் அந்த வெயிலில் கோட்டுப் போட்டு விறைப்பாக நின்றார்கள். பித்தளைப் பலகையை இறக்கைக்குக் கீழே பதித்துவிட்டு, போன வருஷம் வந்த எங்கள் ஆள் ஒரு தாளைப் பிரித்துத் தன் சிநேகிதர்கள் பேரை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு பேர் படித்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த பேர். அம்மா கூட்டத்தில் சேரவில்லை. தூரத்தில் ரப்பர் மரத்தோரம் நின்றாள். எல்லாம் முடிந்து நடந்து வரும்போது, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "அவங்க ஆளுங்க பேரு ஒன்னுகூட விட்டுப் போவல." அதற்குப் பிறகு அவள் அந்தக் கோயிலுக்குப் போனதில்லை. ஆடியில் அந்த ஞாயிறு மட்டும் வீட்டுக்குள் ஒரு இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, நாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் கும்பிட்டுக்கொள்வாள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

விமானிகள் இன்னும் இரண்டு மூன்று தடவை வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருவரோ இருவரோ குறைந்தார்கள். கடைசியில் ஒரு கடிதம் மட்டும் வந்ததாகக் கிராணி சொன்னார், ஆஸ்திரேலியாக்காரருடைய மகள் எழுதியது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் அம்மா கேட்ட கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் அந்தத் தாளில் இன்னொரு பேரையும் நிறுத்தி, மூச்சு வாங்கிப் படித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நான் பாக்கார் ஆராங்கில் மூத்த மகளோடு இருக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கையுறையை ஊதி ஊதி ஓட்டை பார்த்த வேலை போன வருஷத்தோடு முடிந்தது. தோட்டம் இல்லை. லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, ஒரு ரப்பர் மரம்கூட ஞாபகத்துக்கு நிற்கவில்லை. அந்த இடம் முழுக்க வரிசை வீடுகள். கோயிலை மெயின் ரோட்டோரம் மாற்றியபோது இறக்கையையும் பித்தளைப் பலகையையும் கொண்டுபோனார்கள், ஒரு குடத்தில் மண் எடுத்தார்கள், எலும்பைத் தோண்டினால் அனுமதி, போலீஸ் என்று இழுக்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார்கள். எந்த வீட்டுக்குக் கீழே என்று எனக்குக் குத்துமதிப்பாகத் தெரியும். சில நாள் அந்தப் பக்கம் காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். வாசலில் யாரோ துணி காயப் போட்டிருப்பார்கள்.

போன மாதம் கோயில் செயலாளர் தினேஷ் போன் செய்தான். சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். குடமுழுக்கு மலர் போடுகிறார்களாம். "அக்கா, பழைய ஆளுங்கள்ல எழுதத் தெரிஞ்சது நீங்கதான் இருக்கீங்க. ரெண்டு பக்கம் போதும் லா. வெள்ளைக்காரர் நமக்காக உயிரக் குடுத்த கதைய நல்லா உருக்கமா எழுதிக் குடுங்க." எழுதுகிறேன் என்றேன்.

எழுதிவிட்டேன் தம்பி. இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. போடுவதும் போடாததும் உன் இஷ்டம். அங்கே படுத்திருப்பவர் பேர் செங்கோடன். என் அம்மா அஞ்சலையின் அப்பா. அவர் எங்கேயும் ஓடவில்லை, தன் நிரையில் நின்று பால் வெட்டிக்கொண்டிருந்தார். கிராணி போய்விட்டார், பூசாரி போய்விட்டார், அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. அன்று கமிட்டிக் கூட்டத்தில் கிராணி என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான்.

சொன்னாரு. அம்மா பக்கத்துல நின்னு நானும் கேட்டேன்.